ஓலைச் சுவடியில் வந்த நற்செய்தி
(படிப்பினைக் கட்டுரை – குழுவாக வாசித்துக் கலந்துரையாடுவதற்கு)

உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டம் ஒன்றிற்கு மாலை நேரத்தில் சென்றிருந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்கள் லயத்தின் இஸ்தோப்பில் கூடியிருந்தார்கள். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பதற்கென்று சில விவிலியப் பிரதிகளை நாம் கொண்டுபோயிருந்தோம். எல்லோரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டனர். கடைசிக் காம்பராவில் இருந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் மட்டும் கையை நீட்டவில்லை.

"சாமி, நான் எழுத்து வாசனை இல்லாதவ. ஆறு வயசுல புள்ளைமடுவத்துல தங்கச்சியப் பாத்துக்க விட்டாங்க, பத்து வயசுல மலைக்கு ஏத்திட்டாங்க. இத வாங்கி நான் என்ன செய்ய? அலமாரியில வெச்சிப் பூப்போடவா?" என்றார்.

நாம் வாயடைத்துப்போனோம். அத்தாய் அத்துடன் நிற்கவில்லை. இயேசுவின் பாடுகளின் கதையை, கெத்சமனித் தோட்டம் முதல் கல்லறை வரை, ஒரு நிகழ்ச்சியும் விடாமல் எமக்குச் சொல்லிக்காட்டினார். தமது பாட்டியிடமிருந்து கேட்டதாம். அன்று இரவு வீடு திரும்பும் வழியில் எம்மை ஒரு கேள்வி தொடர்ந்து வந்தது. இறைவார்த்தை ஒரு மக்களிடம் எப்படி வந்து சேருகிறது? வந்தபின் எப்படித் தங்குகிறது? இக்கேள்விக்கு எமது இலங்கைத் திருச்சபையின் வரலாற்றிலேயே சிறந்த விடை ஒன்று உண்டு. அதனை இவ்விதழில் ஆராய்வோம்.

1. தடைக்காலம்

1656ஆம் ஆண்டு கொழும்பையும் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். இருவரும் கிறிஸ்தவர்களே. ஆனால் ஒல்லாந்தர் கல்வினியச் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கீசர் கத்தோலிக்கர். கத்தோலிக்கராக இருப்பவர் எவரும் போர்த்துக்கீசரின் ஆட்களாகவே இருப்பர் என்று புதிய ஆட்சியாளர் கருதினர். எனவே குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். கோயில்கள் பறிக்கப்பட்டன. 1658ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்ட கட்டளை, கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

வாளைக் காட்டிலும் வலிமை வாய்ந்த இன்னொரு கருவியும் அவர்களிடம் இருந்தது. அதுவே பதிவேடு. பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் ஆகியவை பாடசாலையோடு இணைந்த தோம்பில் சீர்திருத்த சபையின் முறைப்படி பதியப்படவேண்டும். பதியப்படாத திருமணம் சட்டத்தின் முன் திருமணமாகாது. அதிற் பிறந்த பிள்ளை சொத்துக்கு உரிமை கோர முடியாது. பதிவு இல்லாதவன் நாட்டில் இருந்தும் இல்லாதவன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளாகிய எமது வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

இந்நிலையில் ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதிகளிலிருந்த கத்தோலிக்கர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவானவர் இன்றி வாழ்ந்தனர். பகலில் ஒல்லாந்தரின் கோயிலுக்குச் சென்று பெயர் கொடுத்தவர்கள் இரவில் வீட்டினுள் செபமாலை சொன்னார்கள்.

2. கூலியாளின் கோலத்தில் வந்தவர்

1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில் யோசேப் வாஸ் பிறந்தார். கொங்கணிப் பிராமணக் குடும்பம். 1676இல் குருவானார். இலங்கையில் கத்தோலிக்கர் ஆயனில்லா மந்தையாக இருக்கின்றனர் என்ற செய்தி அவரை வாட்டியது. கோவாவில் இந்தியக் குருக்களைக் கொண்டு உருவாகியிருந்த ஒறற்றோரியன் சபையை ஒழுங்குபடுத்தி நிறுத்தியபின், 1686இல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார்.

ஐரோப்பியக் குரு ஒருவர் ஒல்லாந்தரின் காவலைத் தாண்டுவது இயலாத காரியம். நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். யோசேப் வாஸ் அடிகளாரோ நம் நிறத்தவர். அங்கியைக் களைந்தார். பாதரட்சையைக் கழற்றினார். கூலியாளைப் போல, பிச்சைக்காரனைப் போல இடுப்பில் ஒரு துண்டு கட்டிக்கொண்டார். ஜோன் என்ற உதவியாளரோடு தூத்துக்குடி வழியாக வந்து 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். வந்தவுடன் கடுமையான வயிற்றுளைவு அவரைச் சாகுந் தறுவாய்க்குக் கொண்டுபோயிற்று. உடல் தேறியபின் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறதோ அவர் நம்மவர் என்று அறிந்துகொள்வதற்கான வழி அது. இவ்வாறே மறைந்திருந்த கத்தோலிக்கரை ஒருவர் பின் ஒருவராகக் கண்டுபிடித்தார். சில்லாலை என்னும் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் திருப்பலி, விடியுமுன் வேறொரு வீடு. தமிழைக் கற்று, தமிழிலேயே மறைக்கல்வி கொடுத்தார்.

கூலி என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். எம் முன்னோரைப் பெயர் சொல்லி அழைக்காமல் அச்சொல்லால் அழைத்த காலம் ஒன்று இருந்தது. இலங்கையின் முதற் புனிதர் இந்நாட்டுக்குள் நுழைந்தது அந்தக் கோலத்திலேயே. அதை அவர் ஒரு வேடமாக மட்டும் வைத்திருக்கவில்லை. வெறுங்காலோடு நடப்பதைச் சாகும்வரை விடவில்லை.

1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் அகப்படவில்லை. ஆனால் தொன் பேதுரு என்ற பொதுநிலைச் சகோதரர் அடிபட்டே உயிர்நீத்தார். இன்னும் பலர் சிறையும் கடும் வேலையும் பெற்றனர். இதை நாம் மறக்கலாகாது. மறைவாக வரும் ஒரு குருவின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அவருக்குக் கதவு திறந்துவிட்ட குடும்பங்களின் பெயர்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. ஆபத்து இரு சாராருக்கும் ஒன்றே.

3. கண்டி மன்னரின் நிழலில்

யாழ்ப்பாணத்தில் இருப்பது மக்களுக்கே ஆபத்தென்று கண்ட அடிகளார், 1690 அளவில் கண்டி இராச்சியத்துக்குட்பட்ட புத்தளத்துக்கு வந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றார். அங்கே போர்த்துக்கீச உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். சிறையில் இருந்த காலத்தைச் சிங்களம் கற்கப் பயன்படுத்தினார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவர் மீது நம்பிக்கை கொண்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது அரசரும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். உற்றார் உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அவ்வேளையில் அடிகளாரும் அவருக்குத் துணையாக வந்திருந்த யோசேப் கார்வாலோ அடிகளாரும் சாதி சமயம் பாராது நோயாளரைக் கழுவித் துடைத்து, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். அதன்பின் கண்டியில் அவரை உளவாளி என்று சொல்ல ஆளில்லை.

ஓர் உண்மையை இங்கு அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புகிறோம். கத்தோலிக்கக் குருவைத் தேடிப் பிடிக்க முயன்றது ஒரு கிறிஸ்தவ அரசு. அவருக்கு அடைக்கலம் கொடுத்தது ஒரு பௌத்த மன்னர். நம்பிக்கையின் எதிரி எப்போதும் வேற்று மதத்தவனே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இப்பாடத்தைச் சற்று நிதானமாக வாசிக்கவேண்டும்.

இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995ஆம் ஆண்டு சனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015ஆம் ஆண்டு சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலில் உயர்த்தினர்.

4. எழுத்தாணி பிடித்த குரு

மறைந்து வந்த குரு மறைந்து போகவும் கூடும். ஓர் ஊருக்கு ஆண்டில் ஒரு தடவை அவர் வந்தாலே பெரிது. எஞ்சிய நாட்களில் மக்களுக்கு யார் போதிப்பது? யோசேப் வாஸ் அடிகளார் இதற்கு இரு வழி வகுத்தார். முதலாவது, ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டுவதும், செபத்தை முன்சொல்வதும், நோயாளரைப் பார்ப்பதும் இவர்களின் பொறுப்பு. இரண்டாவது, இவர்களின் கையில் வாசிப்பதற்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று கண்டார்.

இந்த இரண்டாவது பணிக்கென்றே வந்தவர்போல 1705இல் வந்து சேர்ந்தார் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவின் திவார் தீவில் 1676இல் பிறந்தவர். தமிழ்க் கத்தோலிக்கர் இவரைச் சாங்கோபாங்க சுவாமி என்று அழைத்தனர். சிங்களத்தையும் தமிழையும் இலக்கியத் தரத்தோடு கற்று, இரு மொழிகளிலும் எழுதிக் குவித்தார். விவிலிய வரலாறு, நற்செய்தி விளக்கம், செபங்கள், அகராதி என்று அவர் கைவைக்காத துறையில்லை. ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் கூடி வாசிப்பதற்கென எழுதப்பட்டது. சிங்களத்தில் அதே பொருளில் அவர் எழுதிய நூல் பாஸ்கா மரபுக்கு வித்திட்டது. 1742ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி போலவத்தையில் காலமானார்.

இவை அச்சிட்ட புத்தகங்கள் அல்ல. அச்சுக்கூடம் ஒல்லாந்தரிடமே இருந்தது. 1737 அளவில் கொழும்பில் அவர்களின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. அடிகளாரின் நூல்களோ ஓலையில் எழுதப்பட்டன. ஓலையைப் பக்குவஞ்செய்து, உலர்த்தி, அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி, கரிப்பூச்சு ஏற்றித் துடைத்தால் எழுத்துத் தெளியும். இரு மட்டைகளுக்கிடையில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டினால் ஏடு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று பிரதி செய்யலாம். மடியில் செருகலாம். கூரை இறப்பில் சொருகி வைக்கலாம். அச்சகம் என்றால் அதிகாரி வந்து பூட்டுவான். எழுத்தாணி பிடித்த கைகள் அனைத்தையும் எவன் பூட்டுவது?

எரேமியா இறைவாக்கினரின் நூல் 36ஆம் அதிகாரத்தை இவ்விடத்தில் குழுவாக வாசித்துப் பாருங்கள். அரசன் யோயாக்கீம் சுருளேட்டைக் கத்தியால் அறுத்தறுத்து நெருப்பிலிடுகிறான். பாரூக்கு மீண்டும் உட்கார்ந்து எழுதுகிறார். இரண்டாவது ஏடு முதலாவதைவிடப் பெரிதாகிறது.

ஏட்டை எல்லோரும் வாசிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஊரில் ஒருவர் வாசித்தார். நூறு பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் மனனஞ் செய்தார்கள். மனனஞ் செய்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். இஸ்தோப்பில் எமக்குப் பாடுகளின் கதையைச் சொன்ன அத்தாய் இந்த நீண்ட சங்கிலியைப் போன்றதொரு சங்கிலியின் ஒரு கண்ணி.

ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கருக்கெதிரான தடைகளை நீக்கினர். 1658 முதல் எண்ணினால் 148 ஆண்டுகள்.

5. பிற நாடுகளில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. கொரியாவில் திருச்சபையைத் தொடங்கியவர்கள் குருக்கள் அல்லர், நூல்களே. சீனாவிலிருந்து வந்த சமய நூல்களை அறிஞர் சிலர் வாசித்தனர். அவர்களுள் ஒருவர் 1784இல் பீக்கிங் சென்று ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். ஜொங் யாக்ஜொங் என்ற பொதுநிலையினர், பண்டிதரின் சீன எழுத்தை விட்டு, பெண்களும் ஏழைகளும் வாசிக்கக்கூடிய கொரிய எழுத்தில் மறைக்கல்வி நூல் எழுதினார். 1801இல் அவர் கொல்லப்பட்டார்.

யப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருவும் இன்றி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வாய்மொழியாகவே செபங்களைக் காத்த குடும்பங்கள், 1865இல் நாகசாக்கிக் கோயிலுக்கு வந்து தங்களை வெளிப்படுத்தின. தடை அறிவிப்புகள் அகற்றப்பட்டது 1873இலேயே.

இருபதாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிச நாடுகளுக்கு விவிலியங்களைத் தமது சிறிய வோக்ஸ்வாகன் காரில் மறைத்துக் கொண்டுசென்றார் அன்ட்ரூ சகோதரர். 1955இல் போலந்துக்குச் சென்றது அவரது முதற் பயணம். அவர் எந்நாட்டவர் தெரியுமா? ஒல்லாந்தர்! எந்த நாட்டின் அதிகாரிகள் ஒரு காலத்தில் நம் மக்களின் வீடுகளைச் சோதனையிட்டார்களோ, அந்நாட்டின் மகன் ஒருவர் பின்னொரு காலத்தில் எல்லைச் சாவடிகளில் இறைவார்த்தைக்காக நடுங்கி நின்றார்.

6. எம் கையும் கறைபடாததன்று

உண்மை பேசுவதானால் முழுவதையும் பேசவேண்டும். கத்தோலிக்கராகிய நாம் துன்புறுத்தப்பட்டவர்கள் மட்டுமல்லர். ஒல்லாந்தருக்கு முன்னர் போர்த்துக்கீசர் இந்நாட்டில் இந்துக் கோயில்களையும் பௌத்த விகாரைகளையும் இடித்தனர். அதனை எம்மவர் பலர் விசுவாசத்தின் வெற்றி என்று எண்ணினர். 1526இல் வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாடு, துணிப் பொதிகளுக்குள் மறைத்து இங்கிலாந்துக்குள் கொண்டுவரப்பட்டபோது, அதைத் தேடிப்பிடித்து எரித்தவர்கள் எமது ஆயர்களே. 1536இல் அவர் கொல்லப்பட்டார். எம்மைத் துன்புறுத்திய ஒல்லாந்தரோ தமிழிலும் சிங்களத்திலும் வேதநூல்களை அச்சிட்டு மக்கள் கையில் கொடுக்க முயன்றவர்கள் என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்வதே நீதி. பொதுநிலையினர் விவிலியத்தைத் தம் கையில் எடுத்து வாசிக்கவேண்டும் என்று எமது திருச்சபை உரத்துக் கூறியது 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டிலேயே. கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் இணைந்து செய்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது.

ஆகவே மறைவாக நற்செய்தி கொண்டுசென்றோரின் கதையை, பிற மதத்தாரைக் குறைகூறுவதற்கோ அயலவரை ஏமாற்றி மதம் மாற்றுவதற்கோ உரிமைச் சீட்டாக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. யோசேப் வாஸ் அடிகளார் தம்மை மறைத்தது அநீதியான கட்டளையிலிருந்து. நோயாளியின் முன்னால் அவர் எதையும் மறைக்கவில்லை. பெற்ற உதவிக்கு விலையாக எவரிடமும் விசுவாசத்தைக் கேட்கவும் இல்லை.

7. எமது மலையகத்தில்

இன்று தோட்டத்துக்குள் விவிலியத்தைக் கொண்டுபோக எவரும் வேடம் போடவேண்டியதில்லை. ஆனால் இம்மலைகளும் ஒரு காலத்தில் மூடிய நாடாகவே இருந்தன. துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறிய குற்றம். 1931இல் அட்டனில் முதலாவது தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த கோ. நடேசய்யர், அதற்கு முன்னர் புடவை வியாபாரியின் கோலத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார். அவர் கொண்டுவந்தது வேதநூல் அல்ல. துண்டுப் பிரசுரமும் உரிமை உணர்வும். ஆனால் எழுத்து உள்ளே வந்தால் மக்கள் விழித்துவிடுவார்கள் என்ற அதிகாரத்தின் அச்சம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இப்போது வேலி வேறு வடிவில் நிற்கிறது. புத்தகம் வீட்டில் இருக்கிறது; வாசிக்கக் கண் திறக்கப்படவில்லை. சம்பளத் துண்டில் எவ்வளவு கழித்தார்கள் என்று வாசிக்க இயலாத தாய், விவிலியத்தையும் வாசிக்க இயலாது. ஓர் எழுத்து திறந்தால் இரண்டும் திறக்கும். ஆகையினால் எழுத்தறிவித்தலை அபிவிருத்தி வேலை என்றும் விவிலிய வாசிப்பை ஆன்மீக வேலை என்றும் இரண்டு பெட்டியில் போடுவதை நாம் விட்டுவிடவேண்டும். ஓலையின் காலத்தில் கத்தோலிக்கர் உயிரைப் பணயம் வைத்துக் காத்த வாசிப்பை, தடையில்லாத காலத்தில் நாம் சோம்பலினால் இழந்துவிடக் கூடாது.

அத்தாயின் கதையை முடிக்கவேண்டும். அன்று வெட்கத்தோடு திரும்பிய நாம் அடுத்த கிழமை மீண்டும் சென்றோம். இம்முறை புதிதாக எதையும் கொண்டுபோகவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம், தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் பாட்டிக்கு ஒரு பகுதி வாசித்துக் காட்டும்படி சொன்னோம். பாட்டியிடம், கேட்டதைப் பக்கத்துக் காம்பராக்காரருக்குச் சொல்லும்படி கேட்டோம். மூன்று மாதத்தின் பின் போனபோது அந்த இஸ்தோப்பில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவர் இந்துச் சகோதரிகள். கதை கேட்க வந்தோம் என்றார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் மாரியம்மன் கதையையும் சொன்னார்கள். பாட்டி எம்மிடம் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் காட்டினார். அதில் கோணல் மாணலாக அவருடைய பெயர் எழுதியிருந்தது.

"எழுபத்தொரு வயசுல எம்பேர நானே எழுதினேன் சாமி. இனி கைநாட்டு இல்ல" என்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, எழுத்தாணி இன்று உங்கள் கையில் இருக்கிறது.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தில் விவிலியக் கதைகளையும் செபங்களையும் உங்களுக்கு முதலில் சொல்லித்தந்தவர் யார்? அவர் எழுத்தறிந்தவரா?

2. மூப்பரும் அண்ணாவியாரும் செய்த பணியை இன்று உங்கள் தோட்டத்தில் யார் செய்கிறார்கள்? பெண்களுக்கு அதில் இடம் உண்டா?

3. யோசேப் வாஸ் அடிகளாருக்கு ஒரு பௌத்த மன்னர் அடைக்கலம் கொடுத்தார். வேற்று மதத்தவர் ஒருவர் உங்களுக்கு உதவிய நிகழ்ச்சி ஒன்றைக் குழுவில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

4. உங்கள் லயத்தில் எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வாசித்துக் காட்டவும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவும் முன்வரக்கூடிய இளைஞர் யார் யார்? பெயர்களை இக்கூட்டத்திலேயே எழுதி, தொடங்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.